கொடுத்த குருதியும் எடுத்த குருதியும்

இல்லறத்தார்க்கு உரிய தானங்கள் நான்கு என்பதை நம் பிள்ளைகளும் அறிவர்: ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம். முதல் மூன்றும் கையால் எடுத்து வழங்கத் தக்கவை. உணவைப் பரிமாறலாம், மருந்தை வாங்கித் தரலாம், நூலை அச்சிட்டு அளிக்கலாம். நான்காவதை எங்ஙனம் எடுத்துக் கொடுப்பது? ‘அஞ்சேல்’ என்று வாயால் சொல்வதோடு அது முடிந்துவிடுகிறதா? அறுபது வயதைக் கடந்த பின்னர், ஒரு மருத்துவமனைப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் இவ்வினா எனக்கு உண்மையில் வினாவாயிற்று.

நான் வசிப்பது சேக்காட்டில். ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் இடைப்பட்ட இப்பகுதியை அறியாத அன்பர்களும், இதுபோன்ற மேற்குப் புறநகர் ஒன்றையேனும் அறிந்திருப்பர். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து நம்மவர் வேலை தேடிச் சென்னைக்கு வந்தபோது, வாடகை மலிவாகக் கிடைத்த இடங்கள் இவை. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் 1960களில் உருவான பின்னர் வந்தோர் பலர். என் தந்தையாரும் அவ்வாறு வந்தவரே. ஓர் அறையில் நால்வராகத் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்பி, அடகிலிருந்த நிலத்தை மீட்டவர். இன்று அத்தகைய அறைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கத்து இளைஞர்கள் தங்கியிருக்கின்றனர். மொழி வேறு; தொலைவு மிகுதி; மற்றவை பெரிதும் மாறவில்லை.

என் வீட்டு மாடியில் ஒடிசாவிலிருந்து வந்த எழுவர் குடியிருந்தனர். 2023ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவர்களுள் ஒருவர் ஓயாது இருமினார், உடல் மெலிந்தார், மாலைதோறும் காய்ச்சல் என்றார். அரசு மருத்துவமனை ஒன்றுக்குச் சென்று வந்தவர், ஒருநாள் இரவு கீழே இறங்கி வந்து, நான்கு பக்கத் தாளை நீட்டி, “சார், இதுல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார். தமிழ் பேசக் கற்றிருந்தாரே அன்றிப் படிக்கக் கற்றிலர். படிவம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அவர் அறிந்த எழுத்து ஒடியா. கடைசிப் பக்கத்தில் அவருடைய கையெழுத்து ஏற்கெனவே இடப்பட்டிருந்தது.

படித்துச் சொன்னேன். அவருக்குக் காசநோய் உறுதியாகியிருக்கிறது. எச்.ஐ.வி.யும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும் உள்ளனவா என்று குருதியில் பார்க்கப்படும். வெளிமாநிலத் தொழிலாளரிடையே இந்நோய்கள் எவ்வளவு காணப்படுகின்றன என்று அறியும் ஆராய்ச்சிக்காகக் கூடுதலாகச் சிறிதளவு குருதி எடுக்கப்படும். பெயர் வெளியிடப்படாது. விருப்பமில்லையெனில் மறுக்கலாம், மறுத்தாலும் சிகிச்சை தடைபடாது. நல்ல படிவந்தான். அவரால் படிக்க இயலாது என்பதொன்றைத் தவிர அதில் குறை காண ஒன்றுமில்லை.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றை வினவினார்: “மேஸ்திரிகிட்ட சொல்லிடுவாங்களா, சார்?”

சொல்லமாட்டார்கள் என்றேன். சொன்ன பின்னரே எனக்கு உறைத்தது. மேஸ்திரிக்குத் தெரியாமற் போகலாம், வீட்டுக்காரனுக்குத் தெரிந்துவிட்டதே! பெயர் வெளிவராது என்று உறுதி கூறும் படிவத்தைப் புரிந்துகொள்வதற்கே, தம்மை வீட்டைவிட்டு வெளியேற்றக்கூடிய ஒருவனிடம் தம் நோயை அவர் வெளிப்படுத்த வேண்டியதாயிற்று. அறையில் வைத்தால் மற்றவர் பார்ப்பர் என்று அந்தத் தாளையும் என்னிடமே கொடுத்துவிட்டு மாடிக்குச் சென்றார்.

அன்றிரவு நான் எண்ணியதை மறைப்பதில் பயனில்லை. என் பேரன் அந்த மாடிப்படியில்தான் விளையாடுவான். தண்ணீர்க் குழாய் எல்லார்க்கும் பொது. முன்பணத்தை எவ்வளவு திருப்பித் தரவேண்டும், எந்த மாதத்தோடு கணக்கை முடிக்கலாம் என்றெல்லாம் மனத்துக்குள் கூட்டிக் கழித்தேன். எறும்பை மிதித்துவிடக் கூடாதென்று விளக்கேற்றிப் பார்த்து நடந்த பாட்டியாரின் வளர்ப்பு நான். ஒரு மனிதரை மழைக்காலத்தில் தெருவுக்கு அனுப்பும் கணக்கைப் போடும்போது என் கை நடுங்கவில்லை.

மறுநாள் முதல் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் மருத்துவரின் தரப்பை முதலில் கூறுவதே முறை. இம்மூன்று நோய்களை ஒருங்கே தேடுவது வெறும் ஆர்வத்தால் அன்று. காசநோய்க்குத் தரப்படும் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு ஆகிய மருந்துகள் சிலருக்குக் கல்லீரலை வருத்தும். ஏற்கெனவே ஹெபடைடிஸ் கிருமி ஒளிந்திருக்கும் ஈரலானால் ஆபத்து கூடும். அடிக்கடி சோதித்துப் பார்த்தே மருந்தைத் தொடரவேண்டும். எச்.ஐ.வி. உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால், உறங்கிக் கிடந்த காசநோய் விழித்துக்கொள்கிறது. ரிஃபாம்பிசினோ எச்.ஐ.வி. மருந்துகள் சிலவற்றின் வலிமையைக் குறைத்துவிடும். எச்.ஐ.வி.க்குத் தரும் டெனோஃபோவிர் என்னும் மருந்து ஹெபடைடிஸ் பி கிருமியையும் அடக்கும்; இரண்டும் உள்ளவர் அதைத் திடீரென நிறுத்தினால் ஈரல் நோய் சீறி எழலாம். ஒன்றை அறியாமல் மற்றொன்றுக்கு மருந்து கொடுப்பது இருட்டில் நடப்பதை ஒக்கும். ஹெபடைடிஸ் சி பெரும்பாலோர்க்குப் பன்னிரண்டு வார மாத்திரைகளால் குணமாகிவிடுகிறது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அச்சிகிச்சை விலையின்றிக் கிடைக்கிறது.

வெளிமாநிலத் தொழிலாளரைத் தனியே ஆராய்வதற்கும் காரணம் உண்டு. காசநோய் மருந்தை இடைவிடாது குறைந்தது ஆறு மாதம் உண்ணவேண்டும். அவர்களோ வேலை போகும் இடத்துக்கெல்லாம் போகின்றனர். நினைவூட்டத் தாயோ மனைவியோ அருகில் இல்லை. எத்தனை பேர், எங்கே, எந்நோயோடு இருக்கின்றனர் என்று தெரியாவிட்டால், அவர்களுக்கென மருந்தும் ஒதுக்கப்படாது. அவர்கள் மொழி அறிந்த ஊழியரும் அமர்த்தப்படார். ஆகவே ‘ஏழையின் குருதியைத் தொடாதே’ என்று ஆராய்ச்சியையே விலக்குவது கருணையாகாது. எவ்வாறு எடுப்பது என்பதில்தான் அறம் குறுக்கே நிற்கிறது.

நம் அணுவிரதங்களுள் களவாமைக்குக் கூறப்படும் விளக்கம் நுட்பமானது. பிறர் பொருளைக் கவர்தல் என்று மட்டும் நம் முன்னோர் சொல்லி நிறுத்தவில்லை. கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளுதல் எனக் கூறினர். எடுத்தவன் பயன்படுத்தினானா, பயன் யார்க்குப் போயிற்று, எடுத்தது எவ்வளவு என்பவை அவ்விளக்கத்தில் இடம்பெறவே இல்லை. கொடுத்தல் நிகழ்ந்ததா என்பதொன்றே கேள்வி. சிறு குழாயளவு குருதியாயினும், எதற்கென்று அறியாமல் நீட்டிய கையிலிருந்து எடுத்தால் அங்கே கொடுத்தல் நிகழ்ந்ததாகுமா?

இதனை எளிதாகத் தீர்த்துவிட முடியாது என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 1985ஆம் ஆண்டின் இறுதியில், எய்ட்ஸ் மேலை நாட்டாரின் நோய் என்று நம் நாட்டில் பலரும் நம்பியிருந்த வேளையில், சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டாக்டர் சுநிதி சாலமன், அக்கிருமி இங்கும் உண்டா என்று ஆராயும் பணியைத் தம் மாணவி நிர்மலா செல்லப்பனிடம் ஒப்படைத்தார். நிர்மலா, பாலியல் தொழில் செய்தமைக்காகக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்கள் உள்ளிட்டோரிடம் குருதி சேகரித்தார். கையுறை இல்லை, முறையான ஆய்வுக்கூட வசதி இல்லை, எடுத்த குருதியைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் காத்து வைத்தார். பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று சோதித்தபோது ஆறு பெண்களின் குருதியில் கிருமி இருப்பது தெரிந்தது. 1986இல் அன்றைய சுகாதார அமைச்சர் டாக்டர் எச்.வி. ஹண்டே அதனைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக வெளிப்பட்டது அவ்வாறுதான்.

தாம் எதைச் சோதிக்கிறோம் என்பது அப்பெண்களுக்குத் தெரியாது என்று நிர்மலாவே பிற்காலத்தில் மறைக்காமல் கூறியுள்ளார். சொல்லியிருந்தாலும் எய்ட்ஸ் என்றால் என்னவென்று அன்று அவர்களுக்கு விளங்கியிராது என்றும் கூறினார். அது உண்மையே. மருத்துவர்களுள்ளும் பலர்க்கு அன்று விளங்கியிராது. ஆயினும் அடைபட்டிருந்த பெண் கையை நீட்டியதைக் கொடுத்தல் என்பதா? அவர்களால் மறுத்து எழுந்து போக இயலாது. கண்டறிந்த பின்னரும் அவர்களுக்குக் கொடுக்க அந்த ஆண்டில் மருந்தே இல்லை.

மறுபுறம் பாருங்கள். அந்த ஆறு குருதித் துளிகளால்தான் நாடு விழித்தது. கண்டறியும் நிலையங்கள் தோன்றின. குருதி வங்கிகளில் சோதனை பின்னர்க் கட்டாயமாயிற்று. அறுவை மேசையில் குருதி ஏற்றிக்கொண்டு பிழைத்தோர் எத்தனை பேர்! நம் இல்லங்களிலும் இருப்பர். சுநிதி சாலமனும் கண்டறிந்ததோடு நின்றுவிடவில்லை. நோயாளிகளை உறவினரும் மருத்துவமனைகளும் விலக்கியதைக் கண்டு 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, 2015இல் மறையும்வரை அவர்களோடே இருந்தார். ஒரு நோக்கில் அச்செயல் பேருபகாரம். மற்றொரு நோக்கில் கொடாததைக் கொண்டது. அநேகாந்தம் பயின்ற நமக்கு இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் பழக்கம் உண்டு. ஆனால் இரண்டு நோக்கும் உண்மை என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உறங்கப் போவதற்கு அநேகாந்தத்தைத் துணைக்கு அழைக்கலாகாது. என் கருத்து இது: பின்வந்த நன்மை அந்த எடுத்தலைக் கொடையாக மாற்றிவிடவில்லை. அது கடனாகவே நிற்கிறது. அப்பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது; தெரிய வேண்டுவதுமில்லை. அவர்களைப் போன்ற நிலையில் அடுத்து வருவோர்க்கு அக்கடனைத் திருப்புவதே செய்யக் கூடியது.

அயல்நாடுகளில் இதனினும் கொடியவை நிகழ்ந்தன. நியூயார்க் நகரின் வில்லோபுரூக் என்னும் விடுதியில், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு 1950களின் நடுவிலிருந்து வேண்டுமென்றே ஹெபடைடிஸ் கிருமியைச் செலுத்தி ஆராய்ந்தனர். அந்நோயில் இருவகை உண்டென்ற தெளிவு அங்கிருந்தே வலுப்பெற்றது. பெற்றோர் கையெழுத்திட்டிருந்தனர் என்பது உண்மை. விடுதியில் இடம் கிடைப்பதற்கு வேறு வழி அரிதாயிருந்தது என்பதும் உண்மை. ஹெபடைடிஸ் பி கிருமியின் கதையிலும் ஒரு பெயரற்றவர் இருக்கிறார். பாருக் பிளம்பர்க் அதன் அடையாளத்தை ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியில் கண்டார். 1976இல் நோபெல் பரிசு பெற்றார். அப்பொருளுக்கு ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று நாட்டின் பெயர் வந்தது. கொடுத்தவரின் பெயர் எங்கும் இல்லை. (இதே பிளம்பர்க் பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்து டாக்டர் எஸ்.பி. தியாகராஜனோடு சேர்ந்து நம் கீழாநெல்லியை ஆராய்ந்தார். 1988இல் வெளியான முடிவு பெரும் நம்பிக்கை ஊட்டியது. பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பயன் கிட்டவில்லை. பாட்டி வைத்தியமாயினும் சோதித்தே ஏற்கவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லி வைத்தேன்.)

இனி என் அச்சத்துக்கு வருகிறேன். மாடிப்படியில் விளையாடும் பேரனைப் பற்றிய அச்சம் பொய்யானதன்று. காசநோய் காற்றில் பரவும். இதற்கு விடை, வியப்பாக, நம் சென்னையின் ஏழை நோயாளிகளிடமிருந்தே எனக்குக் கிடைத்தது. 1956இல் மத்திய, மாநில அரசுகளும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடிச் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை நிலையத்தைத் தொடங்கின. 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்றுள்ளது அதுவே. அக்காலத்தில் காசநோயாளியை வீட்டிலிருந்து பிரித்து, சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் தந்து வைத்திருப்பதே வைத்தியம். நோயாளிகள் பல இலட்சம். படுக்கைகளோ சில ஆயிரம். ஆகவே இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளைத் திருவுளச்சீட்டு முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும், மற்றவரை நெருக்கடி மிகுந்த அவர்தம் வீடுகளிலேயும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தனர்.

வீட்டிலிருந்தோர் உண்ட உணவு குறைவு, ஓய்வு குறைவு, பலர் வேலைக்கும் சென்றனர். ஆயினும் குணமடைவதில் இரு பிரிவினர்க்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று 1959இல் வெளிவந்த அறிக்கை காட்டியது. உடனிருந்த குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் அவர்களுக்குக் கூடுதலாகத் தீங்கு நேரவில்லை. தொற்று பெரிதும் நிகழ்வது நோய் கண்டறியப்படுவதற்கு முன்னர். மருந்து தொடங்கியதும் பரப்பும் ஆற்றல் விரைந்து குறைகிறது. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவதற்கு இச்சென்னை ஆராய்ச்சி ஒரு முதன்மைக் காரணம் என்பர்.

அந்நோயாளிகள் தம் வீட்டாரையும் உடன்படுத்தி அன்று கொடுத்தது எவ்வளவு பெரிய கொடை என்பதை எண்ணிப் பாருங்கள். முடிவு எப்படி ஆகும் என்று ஆராய்ந்தவர்க்கே தெரியாது. அவர்கள் கொடுத்ததால்தான், அறுபது ஆண்டுகளுக்குப் பின் சேக்காட்டில் ஒரு வீட்டுக்காரன் தன் மாடியிலிருப்பவரை வெளியேற்ற வேண்டியதில்லை என்று அறிகிறான். அவர் மருந்தை உண்கிறாரா, உடன் தங்கியிருப்போர் சோதிக்கப்பட்டனரா என்பவையே நான் கவலைப்பட வேண்டியவை. வெளியேற்றியிருந்தால், மருந்தை விட்டுவிட்டு வேறோர் அறையில் பலரோடு இருமிக்கொண்டிருந்திருப்பார். எச்.ஐ.வி.யோ ஹெபடைடிஸ் பி, சியோ கண்டிருந்தாலும், ஒரே குழாயில் நீர் பிடிப்பதாலோ ஒரே கூரையின்கீழ் உறங்குவதாலோ அவை ஒட்டா. நீரால் பரவும் காமாலை ஹெபடைடிஸ் ஏ, இ வகைகளைச் சேர்ந்தது. அதற்குக் குடிநீர்க் குழாயைச் சாக்கடையிலிருந்து காக்கவேண்டுமே அன்றிக் குடியிருப்பவரை அன்று.

மேஸ்திரியைப் பற்றிய அவருடைய அச்சம் மட்டும் தீரவில்லை. அதனை நம்மவர் எளிதில் உணரலாம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் விசாவுக்கு முன் இதே நோய்களுக்காகச் சோதிக்கப்படுகின்றனர். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, மார்பில் காசநோய்க்கான அடையாளம் இவற்றுள் ஒன்று கண்டால் ‘தகுதியற்றவர்’ என்று முத்திரை. கட்டிய பணமும் போயிற்று, கண்ட கனவும் போயிற்று. அங்கே குருதி எடுப்பது குணப்படுத்துவதற்காக அன்று, கழித்துக் கட்டுவதற்காக. அச்சோதனையை நேரிலோ கேள்வியாலோ அறிந்த தொழிலாளி ஒருவர், ‘உம் நன்மைக்கே’ என்று வெள்ளையுடை அணிந்தவர் சொல்வதை எங்ஙனம் நம்புவார்? சோதனைக் குழாய் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

2017இல் இயற்றப்பட்டு 2018இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், அறிந்து தரும் ஒப்புதலின்றிச் சோதிக்கலாகாது, நிலையை வெளியிடலாகாது, வேலையிலோ வாடகை வீட்டிலோ வேறுபாடு காட்டலாகாது என்கிறது. வாடகை வீடு என்ற சொல்லைக் கண்டபோது சற்றே தலை குனிந்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும், எளிதில் நலிவுறத்தக்கோரிடம் ஆராய்வோர்க்குக் கூடுதல் பொறுப்பை விதிக்கின்றன. விதிகளில் குறைவில்லை. ஒடியா அறிந்த ஒருவர் அந்த மருத்துவமனை மேசையருகே அரைமணி நேரம் அமர்ந்திருந்தால் அவ்விதிகள் உயிர் பெற்றிருக்கும்.

ஒரு வாரத்துக்குப் பின் எதிர்வீட்டுக்காரர், “மாடியில் இருக்கிற பையனுக்கு என்ன?” என்று கேட்டார். பிறர் மறைவாக ஒப்படைத்த செய்தியை வெளியிடுவது வாய்மை விரதத்துக்கு நேரும் அதிசாரங்களுள் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. பொய் சொல்வதோ விரதத்துக்கே கேடு. “ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார், மருந்து சாப்பிடுகிறார், தேறிவிடுவார்” என்றேன். சொன்னது மெய், முழு மெய்யன்று. அவர் நம்பினாரா என்பது ஐயமே.

மூன்றாம் மாதத்தில் மேஸ்திரி அவர்களை ஒரகடத்தில் ஒரு கட்டட வேலைக்கு மாற்றினார். பதிவு எண் இருந்தமையால் மாத்திரைகளை அங்கும் பெற்றார் என்று கேட்டு மகிழ்ந்தேன். எச்.ஐ.வி.யும் ஹெபடைடிசும் இல்லை என்று மருத்துவமனையில் வாய்மொழியாகச் சொன்னார்களாம். சிகிச்சை முடிந்தபின், ஊருக்குப் புறப்படும் முன்னாள், சேக்காட்டுக்கு வந்தார். கன்னம் நிரம்பியிருந்தது. அலமாரியிலிருந்த படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். அதனை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆராய்ச்சிக்கென்று கூடுதலாக எடுத்த குருதியில் என்ன தெரிந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.